வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ்: முதன்முதலாகப் பை மாற்றப் போகிறவர்களுக்கு

கிட்னி டாக்டர் "இனி டயாலிசிஸ் இல்லாமல் ஓட்ட முடியாது" என்று சொல்லி, "மெஷினா, வயிற்று வழியா, வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மெஷின் டயாலிசிஸ் பற்றிப் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும். வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை மருத்துவமனைக்குப் போய், கையில் ஊசி ஏற்றி, 4 மணி நேரம் படுத்துக்கிடந்துவிட்டு வருவது. இன்னொன்று சி.ஏ.பி.டி. வயிற்றுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியாக மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புது நீரை விடுவது. இதை வீட்டிலேயே, நோயாளியோ வீட்டில் இருக்கும் ஒருவரோ செய்யலாம். கரண்ட் போனாலும் நிற்காது.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இது நடக்கிறது. கீழே எழுதியிருப்பது பயிற்சி கொடுத்த நர்ஸ் சொன்னது, டாக்டரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டது, பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. மருத்துவமனைக்கு மருத்துவமனை சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். உங்கள் நர்ஸ் ஒரு வரிசை சொல்லி, நான் வேறு வரிசை சொன்னால் நர்ஸ் சொன்னதையே கேளுங்கள்.

முதலில் அந்தச் சவ்வு

வயிற்றுத் தசைக்கு உள்பக்கம் மெல்லிய, பளபளப்பான ஒரு சவ்வு இருக்கிறது. வயிற்றுச் சுவரின் உட்புறம் முழுக்கப் படர்ந்து, அப்படியே மடிந்து குடல், இரைப்பை, ஈரல் மேலும் போர்த்திக்கொள்கிறது. இதன் பெயர் பெரிடோனியம். இந்த இரண்டு மடிப்புகளுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் நாம் நீரை விடுகிறோம். குடலுக்குள் இல்லை, இரைப்பைக்குள்ளும் இல்லை. "சாப்பிட்ட சாப்பாடு இதில் கலந்துவிடாதா?" என்று முதல் நாளில் எல்லாரும் கேட்பார்கள். கலக்காது.

விரித்துப் பார்த்தால் பெரியவர் ஒருவருக்கு இது 1 முதல் 2 சதுர மீட்டர் வரை வரும். அதன் அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஏராளம். ரத்தத்தில் தேங்கிய யூரியா, கிரியாட்டினின் போன்றவை, நம் ஊர்ப் பேச்சில் "உப்பு", அந்தக் குழாய்களிலிருந்து சவ்வு வழியாகக் கசிந்து மருந்து நீருக்கு வருகின்றன. உடம்பில் மிஞ்சிய தண்ணீரை இழுப்பதற்காக அந்த நீரில் சர்க்கரை கலந்திருக்கிறார்கள். உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவது போலத்தான், சர்க்கரை அடர்த்தி அதிகமுள்ள பக்கத்துக்கு நீர் நகர்கிறது.

இதை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெஷினில் வடிகட்டி கெட்டுப்போனால் புதியதை மாட்டிவிடலாம். இங்கே வடிகட்டி இந்தச் சவ்வுதான், மாற்று கிடையாது. திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று வந்தாலோ, தேவையில்லாமல் அடர்ந்த சர்க்கரை நீரை வருடக்கணக்கில் விட்டாலோ சவ்வு தடித்து, வேலை செய்யும் திறனை இழக்கும். அப்புறம் மெஷினுக்குப் போக வேண்டியதுதான். கீழே வரும் எல்லா விதிகளும் இந்தச் சவ்வைக் காப்பாற்றுவதற்காகத்தான். எந்த விதியில் கொஞ்சம் தளரலாம், எதில் தளரவே கூடாது என்பதும் அதை வைத்தே புரியும்.

இந்த யோசனை பழையது. ஜெர்மனியில் கேயார்க் கான்டர் 1923-லேயே இதை மனிதரிடம் முயன்று பார்த்தார். ஆனால் நம்பி வைக்கக்கூடிய நிரந்தரக் குழாய் 1968-ல் ஹென்றி டெங்காஃப் வழியாகத்தான் வந்தது. இன்றும் அவர் பெயரில்தான் குழாயைச் சொல்கிறார்கள். நாள் முழுக்க நீரை உள்ளே வைத்துக்கொண்டே நடமாடலாம் என்பதை 1976-ல் அமெரிக்காவின் டெக்சாசில் போபோவிச்சும் மான்கிரீஃபும் முன்வைத்தார்கள். கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் பைகள் வந்த பிறகுதான் இது வீட்டுக்குள் நுழைந்தது.

தாளில் வரும் பெயர்களால் குழம்பாதீர்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டுப் படிவம் மூன்றிலும் ஒரே பொருள் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பெரிடோனியம், பெரிட்டோனியம், வயிற்று உள்ளுறை, வயிற்றறைச் சவ்வு எல்லாம் ஒன்றுதான். பழைய ஆங்கில மருத்துவ நூல்களில் நடுவில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். அதுவும் இதுவே. பி.டி., சி.ஏ.பி.டி. என்று சுருக்கி எழுதுவதும் இந்த டயாலிசிசைத்தான். ஏ.பி.டி. என்று இருந்தால், ராத்திரி தூங்கும்போது ஒரு சிறு இயந்திரம் தானாக நீரை மாற்றும் முறை.

எழுத்து வித்தியாசத்தைவிட, ஒலியில் நெருங்கி வரும் வேறு சொற்கள்தான் ஆபத்து. பெரினியம் என்பது ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதி. பெரோனியல் என்று வந்தால் அது முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பைக் குறிக்கும். ரெட்ரோபெரிடோனியம் என்றால் இந்தச் சவ்வுக்குப் பின்னால் உள்ள இடம். நம் சிறுநீரகங்களே அங்கேதான் இருக்கின்றன. பெரிடோனைட்டிஸ் என்பது சவ்வில் வரும் அழற்சி. நாம் பயப்பட வேண்டிய சொல் அது ஒன்றுதான். காப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது டாக்டர் எழுதிய எழுத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள். பெரினியம் என்று தப்பாகப் பதிந்துவிட்டால் விளக்கம் கேட்டு ஃபைல் திரும்பி வரும்.

குழாய் வைப்பதற்கு முன்னும் பின்னும்

எல்லாருக்கும் இது பொருந்தாது. வயிற்றில் பல பெரிய ஆபரேஷன்கள் ஆகி உள்ளே ஒட்டுதல் இருந்தால், சரிசெய்யாத குடலிறக்கம் இருந்தால், வீட்டில் உதவ ஆளே இல்லாமல் நோயாளிக்குக் கண்பார்வையோ கைப்பிடியோ மோசமாக இருந்தால் டாக்டரே வேண்டாம் என்பார். சிசேரியன் ஆனவர்கள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் எல்லாம் தாராளமாகச் செய்துகொள்கிறார்கள்.

குழாய் வெளியே வரும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே குறித்துவிடச் சொல்லுங்கள். நின்று, உட்கார்ந்து, வழக்கமாக வேட்டியோ புடவையோ கட்டும் இடம் எது என்று காட்டுங்கள். பாவாடை நாடாவோ பெல்ட்டோ நேராக அந்த வாயின் மேல் அழுத்தினால் காலம் முழுக்கத் தொல்லை. இதைப் பெரும்பாலும் நாமாகக் கேட்டால்தான் கவனிக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன் மலச்சிக்கல் இருக்கக் கூடாது. அதற்கு மருந்து கொடுப்பார்கள். குழாய் வைத்த பிறகு, அவசரம் இல்லையென்றால் சுமார் 2 வாரம் ஆறவிட்டுத்தான் முழு அளவில் நீர் விடுவார்கள். அந்த நாட்களில் கனம் தூக்குவது, இருமலை அடக்காமல் விடுவது, முக்கி மலம் கழிப்பது எல்லாம் கூடாது. காயத்தின் மேல் போட்ட கட்டை நீங்களாகப் பிரிக்காதீர்கள். காத்திருக்கும் இந்த 2 வாரம்தான் பயிற்சிக்கு நல்ல நேரம். வீட்டில் ஒருவர் மட்டும் கற்றுக்கொள்ளாமல் இரண்டு பேர் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஜுரம் வந்தால் இன்னொருவர் வேண்டுமே.

அறை

தனி அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு மூலை போதும். ஜன்னலும் கதவும் மூடக்கூடிய இடம், துடைக்கக்கூடிய மேசை, பையைத் தொங்கவிட ஓர் ஆணி அல்லது ஸ்டாண்டு, நல்ல வெளிச்சம், பக்கத்தில் கை கழுவ இடம். அந்த நேரத்தில் ஃபேன், ஏ.சி. இரண்டையும் நிறுத்த வேண்டும். காற்று தூசியைக் கிளப்பி, திறந்திருக்கும் குழாய் முனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மே மாதத்தில் வியர்த்து ஊற்றும்தான். ஆனால் ஃபேனை நிறுத்த வேண்டியது குழாயை இணைக்கும்போதும் கழற்றும்போதும்தான். நடுவில் நீர் வடிகிற நேரத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் நர்சிடம் கேளுங்கள்.

பூனை, நாய் உள்ளே வரக் கூடாது. பூனை குழாயைக் கடித்து, அதன் வாயில் இருக்கும் கிருமியால் வயிற்றில் தொற்று வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பை மாற்றும் வரிசை

ஒரு நாளில் வழக்கமாக 3 அல்லது 4 தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணியிலிருந்து 40 நிமிடம். பகலில் 4 முதல் 6 மணி நேரம் நீர் உள்ளே இருக்கும். ராத்திரி விடுவது காலை வரை கிடக்கும். காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 10 என்பது பலர் வைத்துக்கொள்ளும் நேரம். அரை மணி முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடிமுழுகாது. இது தளரக்கூடிய விதி.

பையைச் சூடாக்குவது முதல் வேலை. உடம்புச் சூட்டுக்கு வந்தால் போதும். வெளி உறையோடு, உலர்ந்த சூட்டில் வைக்க வேண்டும். இதற்கென்று கிடைக்கும் வார்மர் அல்லது மருத்துவமனை சொல்லும் ஹீட்டிங் பேட் போதும். வெந்நீர் வாளியில் முக்காதீர்கள். ஈரம் முனைகளில் தங்கிக் கிருமிக்கு வழி செய்யும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த நீர் உள்ளே போனால் குளிர் நடுக்கமும் வயிற்று வலியும் வரும். சூடு அதிகமானால் சவ்வு புண்படும்.

மேசையைத் துடைத்து, தேவையானதை எல்லாம் எடுத்து வையுங்கள்: பை, புது மினிகேப் (வயிற்றுக் குழாயின் நுனியை மூடும் சிறு மூடி), இரண்டு கிளாம்ப் (குழாயை அழுத்தி மூடும் கிளிப்), மாஸ்க், கை தேய்க்கும் சானிடைசர், நோட்டு. பாதியில் எழுந்து போய் எதையாவது எடுப்பதில்தான் தவறு நடக்கும். மாஸ்க் நோயாளிக்கும் வேண்டும், செய்கிறவருக்கும் வேண்டும். மூக்கை மூடாத மாஸ்க் போடாததற்குச் சமம்.

கையைக் கழுவுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி, சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்து, முழு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். பிறகு சுத்தமான துணியிலோ டிஷ்யூவிலோ நன்றாகத் துடைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் இருக்கும் கிருமிகள் ஈரக் கையோடு குழாய்க்குப் போகும். கை காய்ந்ததும் சானிடைசர், அதுவும் காயும் வரை. இதற்குப் பிறகு மூக்கைச் சொறிந்தாலோ, போனை எடுத்தாலோ மறுபடி முதலிலிருந்து.

இப்போது பையின் உறையைப் பிரித்து 5 விஷயம் பாருங்கள். சர்க்கரை அளவு சரியா, கொள்ளளவு சரியா, காலாவதித் தேதி தாண்டவில்லையா, நீர் தெளிவாக இருக்கிறதா, அழுத்திப் பார்த்தால் எங்காவது கசிகிறதா. பையும் உறையும் நடுவில் கொஞ்சம் ஈரமாக இருப்பது சகஜம். சந்தேகமாக இருந்தால் அந்தப் பையை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது இணைப்பது. மொத்த விஷயமும் இந்தச் சில விநாடிகளில்தான் இருக்கிறது. வயிற்றுக் குழாயின் நுனியில் இருக்கும் மினிகேப்பைக் கழற்றுகிறீர்கள், பையின் குழாயிலிருக்கும் மூடியை எடுக்கிறீர்கள், இரண்டு முனைகளையும் சேர்த்துத் திருகுகிறீர்கள். அந்த நேரத்தில் பேசாதீர்கள், இருமாதீர்கள், யாரையும் கூப்பிடவிடாதீர்கள். முனையின் உட்புறம் விரலிலோ துணியிலோ மேசையிலோ பட்டுவிட்டால், "லேசாகத்தானே பட்டது" என்று தொடரவே கூடாது. குழாயின் கிளாம்ப்பை மூடியபடியே வைத்து, புது மினிகேப் போட்டு மூடி, மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வெளிக்குழாயை மாற்றி, தேவைப்பட்டால் தொற்று வராமல் இருக்க மருந்தும் கொடுப்பார்கள். ஒரு நேரப் பை தவறுவதால் ஒன்றும் ஆகாது, அழுக்குப் பட்ட முனையோடு நீரை உள்ளே விட்டால் ஒரு மாத அவஸ்தை.

இணைத்த பின் பழைய நீரை வடியவிடுங்கள். காலிப் பை தரையில் சுத்தமான தட்டில், நீர்ப் பை உயரத்தில். வடிய 15 முதல் 20 நிமிடம் ஆகும். முதலில் பழையதை வடிப்பதில் ஒரு நன்மை உண்டு. இணைக்கும்போது ஏதாவது கிருமி தப்பி உள்ளே நுழைந்திருந்தாலும், வெளியே ஓடும் நீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். நீர்ப் பையும் காலிப் பையும் ஒரே குழாயில் சேர்ந்து வரும் இந்த இரட்டைப் பை வந்தபின் தொற்று குறைந்ததற்கு இது பெரிய காரணம்.

வடிந்து முடிந்ததும் வயிற்றுப் பக்கத்து கிளாம்ப்பை மூடி, புதுப் பையின் அடைப்பை உடைத்து, புது நீரைச் சில விநாடி நேரே வடிபைக்கு ஓடவிடுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணச் சொல்வார்கள். குழாயில் இருக்கும் காற்று அதில் வெளியேறிவிடும். காற்று உள்ளே போனால் உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, ஆனால் தோள்பட்டையில் விசித்திரமான வலி வரும். பிறகு வடிகுழாயை கிளாம்ப் போட்டு மூடி, வயிற்றுப் பக்கத்தைத் திறந்தால் 10 நிமிடத்தில் 2 லிட்டரும் உள்ளே போய்விடும்.

கடைசியாக எல்லா கிளாம்ப்பையும் மூடி, கையில் மறுபடி சானிடைசர் தேய்த்து, பையைக் கழற்றி, உள்ளே அயோடின் மருந்து நனைந்த புது மினிகேப்பைப் போட்டுத் திருகுங்கள். பழைய மினிகேப்பைத் திரும்பப் போடக் கூடாது, அது 5 நிமிடத்துக்கு முன் கழற்றியதாக இருந்தாலும் சரி. குழாயை இடுப்பில் தொங்கவிடாமல் உடம்போடு ஒட்டிவையுங்கள்.

வடிந்த நீர் பேசும்

கொட்டுவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது எடை. கடையில் கிடைக்கும் தொங்கு தராசு போதும். 1 லிட்டர் என்பது ஏறத்தாழ 1 கிலோ. உள்ளே விட்டது 2,000 மி.லி., வெளியே வந்தது 2,300 என்றால் உடம்பிலிருந்து 300 மி.லி. கூடுதலாக எடுத்திருக்கிறது. நோட்டில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, உள்ளே, வெளியே, வித்தியாசம் என்று கட்டம் போட்டு எழுதுங்கள். தினம் காலையில் உடல் எடையும் பி.பி.யும் அதே பக்கத்தில். டாக்டர் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான்.

இரண்டாவது தெளிவு. வடிந்த பையை ஒரு செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். பையின் ஊடே எழுத்தைப் படிக்க முடிந்தால் நல்லது. இள மஞ்சளாகவும் தெளிவாகவும் இருப்பதுதான் சரியான நிறம். வெள்ளை நூல் போல மிதந்தால் அது ஃபைப்ரின் என்ற புரதம். அடிக்கடி வந்தால் சொல்லுங்கள், குழாய் அடைக்காமல் இருக்க மருந்து சேர்ப்பார்கள். லேசான சிவப்பு, மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அந்த நாட்களில் வரலாம். பெண்களுக்கு வயிற்றுக்குள் நீர் இருக்கும் அந்தச் சவ்வறை முழுக்க மூடியதில்லை, கருக்குழாய்களின் நுனி அதற்குள் திறந்திருக்கிறது. தானாக நின்றுவிடும், ஆனாலும் முதல் தடவை போன் செய்து சொல்லிவிடுங்கள். சில பி.பி. மாத்திரைகளால் நீர் பால் போல வெளுத்து வருவதும் உண்டு. ஆனால் அதைத் தீர்மானிப்பது டாக்டர் வேலை, நம் வேலை இல்லை.

கலங்கலாக வந்தால், கஞ்சித் தண்ணீர் மாதிரி எழுத்து தெரியாமல் இருந்தால், அது தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வலியும் ஜுரமும் சேர்ந்து வரலாம், வராமலும் இருக்கலாம். "வலி இல்லையே, நாளைக்குப் பார்ப்போம்" என்று இருப்பதுதான் பெரிய தப்பு. அன்றைக்கே, ராத்திரியானாலும், கலங்கிய பையைக் கொட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதிலிருந்து மாதிரி எடுத்து, ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளை அணுக்கள் 100-க்கு மேலா, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகையா என்று பார்ப்பார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்தும் பார்ப்பார்கள். மருந்தைப் பையிலேயே கலந்து வயிற்றுக்குள் விடுவதுதான் முதன்மையான சிகிச்சை. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் கிருமி எது என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும். பெரும்பாலான தொற்றுகள் குழாயை எடுக்காமலே சரியாகும். பூஞ்சைத் தொற்று என்றால் குழாயை எடுத்தாக வேண்டும்.

எல்லாம் பார்த்த பின் நீரைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, காலிப் பைகளை இரட்டை உறையில் கட்டிப் போடுங்கள். எரிக்காதீர்கள், அது பி.வி.சி. பிளாஸ்டிக்.

எந்தப் பை, எப்போது

பைகள் பொதுவாக 1.5, 2.5, 4.25 சதவீதம் என மூன்று சர்க்கரை அளவில் வரும். சில தயாரிப்புகளில் இவற்றுக்கு மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நிறம் வைத்திருப்பார்கள். நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். அளவு கூடினால் அதிகத் தண்ணீரை இழுக்கும். கால் வீங்கிவிட்டது என்று பயந்து தாமாகவே 4.25 போட ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு வீக்கம் குறையும்தான். ஆனால் 2 லிட்டர் பையில் 85 கிராம் சர்க்கரை இருக்கிறது, 1.5-ல் 30 கிராம்தான். அதில் பெரும்பகுதி ரத்தத்துக்குப் போகும், சவ்வும் மெல்ல மெல்லக் கெடும். வீக்கத்துக்கு முதல் மருந்து சாப்பாட்டில் உப்பைக் குறைப்பது. உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும். ராத்திரிப் பைக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற நீர் எழுதிக் கொடுத்தால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "என் குளுக்கோமீட்டர் இதற்கு ஒத்துவருமா?" சில வகை ஸ்ட்ரிப்புகள் இந்த நீர் உடம்பில் இருக்கும்போது சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

தொடங்கிச் சில வாரம் கழித்து பெட் என்ற ஒரு பரிசோதனை செய்வார்கள். 4 மணி நேரம் நீரை வைத்து, உங்கள் சவ்வு வேகமாகக் கடத்துகிறதா மெதுவாகவா என்று பார்ப்பது. அதை வைத்துத்தான் எத்தனை பை, எவ்வளவு நேரம் என்பது முடிவாகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 3 பை, நமக்கு ஏன் 4 என்று ஒப்பிட வேண்டாம்.

நீர் வடியவில்லை என்றால்

பதறாதீர்கள். கிளாம்ப் ஏதாவது மூடியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, வடிபை வயிற்றைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்து கொஞ்சம் நடங்கள், பக்கம் மாறிப் படுங்கள். இன்னும் வரவில்லை என்றால் காலையில் மலம் போனதா என்று யோசியுங்கள். நிறைந்த குடல் குழாயை நகர்த்திவிடும், அழுத்தி அடைத்துவிடும். பாதிக் கேஸில் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பே தீர்வு என்று எங்கள் நர்ஸ் சிரித்துக்கொண்டே சொல்வார். அதற்கும் சரியாகவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துக் குழாய் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பழைய நீர் வடியாமல் புது நீரை உள்ளே விடக் கூடாது.

குழாய் வாயும் குளியலும்

காயம் ஆறிய பின் தினம் ஒரு தடவை, சொல்லிக்கொடுத்த மருந்தால் சுத்தம் செய்து, முபிரோசின் போன்ற களிம்பு லேசாகத் தடவச் சொல்வார்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஓடும் தண்ணீரில் குளிக்கலாம். குளம், கிணறு, ஆறு, கோயில் தெப்பம், தொட்டிக் குளியல் வேண்டாம். சிவப்பு, சீழ், தொட்டால் வலி இருந்தால் வெளியில் இருக்கும் தொற்று குழாய் வழியே உள்ளே போவதற்கு முன் காட்டிவிட வேண்டும்.

சாப்பாடும் மாத்திரையும்

மெஷின் நோயாளிகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுப் பட்டியலை அப்படியே இங்கே பின்பற்ற வேண்டாம். வடியும் நீரோடு தினமும் 5 முதல் 15 கிராம் வரை புரதம் போய்விடுகிறது. அதனால் புரதம் அதிகம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது வழக்கமான இலக்கு. முட்டையின் வெள்ளைக்கரு மலிவான வழி. மீன், கோழியும் சரி. சைவர்கள் பருப்பு, பனீரை டயட்டீஷியனிடம் கேட்டு அளந்துகொள்ள வேண்டும், அவற்றில் பாஸ்பரஸும் வருமே.

பொட்டாசியம் விஷயத்தில் ஆளுக்கு ஆள் மாறும். தினமும் பை மாற்றுவதால் சிலருக்கு அது குறைந்தே போகும். அவர்களை டாக்டரே வாழைப்பழம் சாப்பிடச் சொல்வார். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இளநீர் குடிப்பதும் தப்பு, பயந்து எல்லாப் பழத்தையும் நிறுத்துவதும் தப்பு. நட்சத்திரப் பழம் மட்டும் யாருக்கும் கூடாது, கிட்னி நோயாளிகளுக்கு அது மூளையைப் பாதிக்கும் விஷம். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும், அதையும் கேட்காமல் வாங்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொஞ்சமாவது சிறுநீர் போய்க்கொண்டிருந்தால் அதைப் பொன் போலக் காப்பாற்றுங்கள். மூட்டு வலிக்குத் தெருமுனை க்ளினிக்கில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, கேட்காமலே வாங்கும் இபுப்ரோஃபென் மாத்திரை, பெயர் தெரியாத சூரணங்கள் எல்லாம் அந்த மிச்ச வேலையையும் நிறுத்திவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "எனக்கு வயிற்று டயாலிசிஸ் நடக்கிறது" என்று சொல்லுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும், கொலோனோஸ்கோபி செய்வதாக இருந்தாலும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்று கிட்னி டாக்டரிடம் கேட்டாக வேண்டும்.

பைகளும் பணமும்

நாளைக்கு 3 பை என்றால் மாதத்துக்கு 90. எடையில் 180 கிலோவைத் தாண்டும். மாடி வீடு என்றால் இதை முன்பே யோசியுங்கள். தரையில் நேராக வைக்காமல், பலகை மேல், வெயில் படாமல், எலி வராத இடத்தில் அடுக்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். எப்போதும் கையில் 10 நாளுக்காவது இருப்பு வையுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சொந்தக் காசில் வாங்க ஆரம்பிப்பதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சி.ஏ.பி.டி. பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் ஒரு பகுதி. மத்திய அரசின் பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் மெஷின் டயாலிசிசுக்கு மட்டும் தொடங்கி, 2019-ல் வயிற்று டயாலிசிசுக்கும் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சீட்டு, குடும்ப அட்டை, ஆதார் நகல்களை ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள்.

வெளியூரும் அதற்கு அப்பாலும்

கல்யாணம், திருவிழா எதற்கும் போகலாம். போகும் இடத்தில் மூடக்கூடிய ஓர் அறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தேவையான பைகளோடு இரண்டு கூடுதல், மினிகேப் நாலைந்து கூடுதல், கிளாம்ப், மாஸ்க், போன் நம்பர் எழுதிய சீட்டு. ஓடுகிற ரயிலில் பை மாற்றுவதைவிட, ஒரு மாற்றத்தைத் தள்ளிப்போட்டு இறங்கியபின் செய்வது நல்லது. எதற்கும் கிளம்புவதற்கு முன் நர்சிடம் நேரத்தைக் கேட்டு மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு வயிற்று டயாலிசிஸ் தடையில்லை. தகுதி இருந்தால் தாமதிக்காமல், ஆபரேஷன் செய்யும் மருத்துவமனை மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்தபின் போன் எண்ணை மாற்றினால் அங்கேயும் சொல்லிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால், வயிற்றிலிருக்கும் நீரை முழுக்க வடித்துவிட்டு, வடிந்த நீர் தெளிவாக இருந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்வார்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.